அம்மாவின் படத்தை அண்ணன் தொலைக்கவில்லை

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்காக மலையேறி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனிடம் படம் எடுத்துக்கொண்ட ஏற்காட்டு மக்களுக்கும், வர முடியாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. பங்குத்தந்தையோ பள்ளிக்கூட வாத்தியாரோ எழுதினால் நன்றாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அண்ணன் மகள் ஸ்டெல்லா கேட்கவில்லை. "அத்தை, அவங்க எழுதுனா நல்லவரு வல்லவருன்னு எழுதுவாங்க. அந்தப் பட விசயத்த நீங்கதான் எழுதோணும்" என்று சொல்லி, காகிதத்தையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொல்வது நியாயம்தான். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில். ஐந்து வருடம் கழித்து நான் பிறந்தேன். அண்ணனுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறிய அப்பா தவறி விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மாவின் காப்பிப்பழக் கூடைதான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது. அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பழக்கூடையைப் பார்த்துக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டருக்கு எடுபிடியாக இரண்டு வருடம் ஓடினார். பிறகு சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, அங்கேயே பெஞ்சில் படுத்து, அங்கேயே வேலையைக் கற்றுக்கொண்டார். ஒரு பழைய பெட்டிக் கேமராவோடு பஸ் ஏறித் திரும்பி வந்து, ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோவைத் திறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது.

முன்பக்கம் அண்ணன். "கண்ணு, மோவாயத் தூக்கு. அவ்வளவு தூக்காத சாமி, மோட்டுல ஓடா எண்ணச் சொன்னேன்?" என்று பேசியே பிள்ளைகளைச் சிரிக்கவைத்து, முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை உடையில் நிற்க வைப்பார். பின்பக்கம் நான். படம் கழுவுகிற இருட்டறையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்குதான் எரியும். அங்கே யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், நானும் யாரையும் பார்க்க வேண்டாம். அண்ணன் எனக்கென்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த வேலை அது. என் குணம் அவருக்குத் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழுப்பாக மாற்றும் வேலையும் என்னுடையதுதான். அண்ணன் அதைச் செப்பியா என்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது காப்பிக் கலர். காப்பிக் கலருக்கு மாற்றிய படம் சீக்கிரம் மங்காது என்பதால், இறந்துபோனவர்கள் படத்தையும் கல்யாணப் படத்தையும் அப்படிக் கேட்டு வாங்குவார்கள். அதற்கு இரண்டு தட்டில் இரண்டு மருந்துத் தண்ணி வேண்டும். ஒன்றாம் தண்ணி மஞ்சளாக இருக்கும். அதில் படத்தைப் போட்டால் முகம், மூக்கு, சேலைக் கரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் பழைய மஞ்சள் கறை மாதிரி ஏதோ ஒன்றுதான் தாளில் நிற்கும். அதை எடுத்து நன்றாகக் கழுவி, இரண்டாம் தண்ணியில் போட வேண்டும். போட்ட மாத்திரத்தில் போன முகம் பழுப்பாகத் திரும்பி வரும்.

இரண்டாம் தண்ணியின் நாற்றத்தைத்தான் தாங்க முடியாது. அழுகின முட்டை நாற்றம். அதனால் அதை ஸ்டூடியோவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் செய்வோம். பக்கத்துக் கடை பாய் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். "ஏனுங்க, கோழி அடைகாத்துக் கைவிட்டுப்போட்ட முட்டையெல்லாம் உங்க ஊட்லதான் இருக்குதுங்களா? டீ குடிக்க வந்த ஆளு பன்னைக் கீழ வெச்சுட்டு ஓடிட்டாருங்க!" என்றார். அவர் கோபப்பட்டாலும் சிரிப்புத்தான் வரும். அன்றைக்கு அவரும் அண்ணனும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாய் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போகும் நேரத்தில் மட்டும் காப்பிக் கலர் வேலை. அவர் திரும்பி வருவதற்குள் முடித்து, தண்ணியைக் கொட்டி, கொல்லையைக் கழுவிவிட வேண்டும். அந்த ஏற்பாடு எத்தனையோ வருடம் நடந்தது. "ஒண்ணாந்தண்ணிக்கும் ரெண்டாந்தண்ணிக்கும் நடுவுல நிக்கவே கூடாது புள்ள, கழுவுனமா போட்டமான்னு இருக்கோணும்" என்று அண்ணன் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இனி அம்மாவின் படத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அதனால் சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். ஸ்டூடியோ திறந்த முதல் வருடம், அண்ணன் கேமராவை எஸ்டேட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார். அம்மாவின் இரண்டு கையிலும் பழம் நிறைந்த கூடையைக் கொடுத்து நிற்கச் சொன்னார். கூடையை விட்டால் பழம் கொட்டிவிடும், விடாவிட்டால் வாயை மூட முடியாது. அதற்காகத்தான் கூடையைக் கொடுத்திருக்கிறார். பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ரைட்டர் குரலில், "ஏம்மா, கூடையில பழமா, பாதி எலையா?" என்று கேட்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அப்படியே படத்தில் விழுந்தது. அம்மா எடுத்துக்கொண்டது அந்த ஒரே ஒரு படம்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மேகம் இறங்கி ஒரு மாதம் வெயிலே காணவில்லை. அலமாரியில் இருந்த நெகட்டிவ்களில் பூசணம் பிடித்து, அம்மாவின் நெகட்டிவும் போயிற்று. பிரிண்ட் ஒன்றுதான் மிச்சம். "அதப் படம் புடிச்சு இன்னொரு பிரதி போட்டு வெக்கோணும்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரார் படத்துக்கு இருந்த அவசரம் எங்கள் வீட்டுப் படத்துக்கு இல்லை.

அண்ணனுக்கு முப்பது வயது ஆனபோது அம்மா காய்ச்சலில் இறந்தார். முதல் வருடத் திருப்பலிக்கு அந்தப் படத்தைக் காப்பிக் கலராக்கிச் சட்டம் போட வேண்டும் என்று அண்ணன் சட்டம்கூட வாங்கி வைத்திருந்தார். திருப்பலிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவருக்குச் சேலத்தில் வேலை வந்துவிட்டது. அவர் வருவதற்குள் முடித்துச் சட்டத்தில் மாட்டி வைத்தால் சந்தோஷப்படுவாரே என்று எனக்கு ஒரு ஆசை. பாய் கடையைச் சாத்தினார். நான் அம்மாவை ஒன்றாம் தண்ணியில் போட்டேன். கூடை போயிற்று, கை போயிற்று, சிரிப்புப் போயிற்று. எடுத்துக் கழுவினேன். அதற்குப் பிறகுதான் இரண்டாம் தண்ணிக்கு மருந்து எடுக்க ஜாடியைத் திறந்தேன்.

ஜாடி மூடியைப் போன தடவை நான் சரியாகத் திருகவில்லை. மழைக்காற்றுப் பட்டு மருந்து முழுவதும் நீர்விட்டுக் கூழாகிக் கிடந்தது. "கெட்டுப்போன ரெண்டாந்தண்ணி படத்தக் கொண்டாராது, தின்னுரும்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதனால் அதைத் தொடவில்லை. வேறு மருந்தும் இல்லை. கையில் ஈரத்தோடு வெறும் தாள். பாய் திரும்பி வந்து கடைப் பலகையை எடுக்கும் சத்தம் கேட்டது. நடுவில் நிற்கக் கூடாது என்றாரே, நின்றுவிட்டேனே, அம்மா போய்விட்டாரே என்று நினைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் தாளைக் குழாயடியில் இன்னும் அரைமணி நேரம் கழுவினேன். அழுதுகொண்டே கழுவினேன். காய்ந்ததும், போட்டோத் தாள் வரும் கறுப்பு உறை ஒன்றில் வைத்து, என் தகரப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்த அண்ணன், "அம்மா படத்த எங்க புள்ள வெச்சே?" என்று கேட்டார்.

"தெரியலீங்கண்ணா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்ன பொய். அன்றைக்கு ராத்திரிக்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அண்ணன் மூன்று நாள் வீட்டையும் ஸ்டூடியோவையும் புரட்டிப் போட்டார். பிறகு, வாடிக்கையாளர் யாருடைய கவரிலாவது தானே தவறுதலாக வைத்துக் கொடுத்துவிட்டதாக அவராக முடிவு செய்துகொண்டார். வெள்ளக்கடை, கொட்டச்சேடு என்று ஊர் ஊராக நடந்தே போய், வீடு வீடாக, "ஏனுங்க, உங்க படத்தோட எங்கம்மா படம் ஏதாச்சும் சேந்து வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். காலில் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அம்மாவின் திருப்பலியில் மெழுகுவர்த்திக்குப் பின்னால் படம் இல்லை. வாங்கி வைத்த சட்டத்தில் பிறகு திருஇருதய ஆண்டவர் படத்தை மாட்டினோம். அதன் எதிரில்தான் தினம் சாயங்காலம் ஜெபமாலை. எல்லோரும் ஆண்டவரைப் பார்த்துச் சொல்லுவார்கள். நான் தரையைப் பார்த்துச் சொல்லுவேன். கூச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கல்லறைத் திருநாளன்று எல்லாக் கல்லறையிலும் பூவும் படமும் இருக்கும். எங்கள் அம்மா கல்லறையில் பூ மட்டும்தான். வருடா வருடம் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, அங்கே நின்று தலையில் அடித்துக்கொள்வார். "ஊருல ஒருத்தர் மூஞ்சி விடாம படம் புடிச்சான், பெத்தவ மூஞ்சியத் தொலைச்சுப்போட்டான்!" என்பார். அண்ணன், "ஆமாங்க சித்தி, என் தப்புத்தானுங்க" என்று மெழுகுவர்த்தி ஏற்றுவார். கல்யாணமாகி அண்ணி வந்த பிறகும், ஸ்டெல்லா பிறந்த பிறகும், அவள் வளர்ந்து ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வைத்துக் கலர் படம் போட ஆரம்பித்த பிறகும், இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. நாற்பத்து மூன்று வருடம்.

அண்ணனின் நல்ல குணங்களை எழுத வேண்டும் என்றால் அதையே சொன்னால் போதும். தன்மேல் விழுந்த பழியைத் தள்ளிவிட அவருக்குத் தெரியாது.

எழுபத்து நான்காவது வயதில் அண்ணனுக்கு இருதயம் பலவீனப்பட்டது. சேலத்து மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒருநாள் காலை நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்கு, "என் சவப்பெட்டி மேல நல்ல படமா வெச்சுருவீங்க. ஸ்டெல்லா பாத்துக்குவா. அம்மாவுக்கு அப்படி ஒண்ணு வெக்க முடியாமப் பண்ணிட்டேன். அங்க போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அம்மாவப் பாக்கறது புள்ள?" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். உள்ளே போய் என் தகரப் பெட்டியைத் திறந்து, அந்தக் கறுப்பு உறையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சொன்னேன்.

அண்ணன் தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டாந்தண்ணியில போட்டியா?"

"இல்லீங்கண்ணா. கெட்டுப்போயிருந்துச்சுங்க. தொடவே இல்லீங்க."

"கழுவுனியா?"

"அரைமணி நேரத்துக்கு மேல கழுவுனனுங்க."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். "அடி கூறுகெட்டவளே! அம்மா எங்கயும் போகல. இதுக்குள்ளாறதான் இருக்குது. வெளுத்திருக்குது, அவ்வளவுதான். ரெண்டாந்தண்ணி எப்ப ஊத்துனாலும் எந்திரிச்சு வந்துரும்" என்றார்.

"நடுவுல நிக்கவே கூடாதுன்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க?"

"அது பாய்க்காகச் சொன்னது புள்ள! தொழுகை முடிஞ்சு அவரு வந்துருவாருன்னு சொன்னது! படத்துக்கு என்ன அவசரம்?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணிக்கு ஒன்றும் புரியாமல், "என்னாச்சுங்க? ரெண்டு பேரும் சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா சேலத்துக்குப் போய், கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு மருந்து விற்கிற கடையில் இரண்டாம் தண்ணி மருந்தைக் கேட்டிருக்கிறாள். கடைக்காரர், "தோல் பதப்படுத்தறதுக்குங்களா?" என்று விசாரித்தாராம். "இல்லீங்க, எங்க அப்பத்தாவக் கூப்பிடறதுக்குங்க" என்றாளாம். அவர் பயந்துபோய் மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்தாராம். அவள் பேச்சு அப்படியே அண்ணன் பேச்சுத்தான்.

மருந்து புதன்கிழமையே வந்துவிட்டது. அண்ணன் விடவில்லை. "வெள்ளிக்கிழமதான்" என்றார். பழைய பாய் இறந்து ரொம்ப வருடம் ஆகிறது. இப்போது அவருடைய மகன் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார். அவரும் வெள்ளிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டுத்தான் தொழுகைக்குப் போகிறார். அதுவரை காத்திருந்தோம். அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணன் தைரியத்துக்காகச் சொல்கிறாரோ, நாற்பத்து மூன்று வருடம் தாங்குமோ, வராமல் போனால் அவர் நெஞ்சு தாங்குமோ என்று ஒரே யோசனை.

கொல்லையில் நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைத்தோம். அவருக்குக் கை நடுக்கம், அதனால் நான்தான் செய்ய வேண்டும். தாளை முதலில் நல்ல தண்ணியில் நனைத்தேன். இரண்டாம் தண்ணித் தட்டுக்கு நேராகப் பிடித்தேன். விரல் பிரியவில்லை.

"போடு புள்ள" என்றார் அண்ணன். "பாய் வந்துருவாரு."

போட்டேன்.

முதலில் ஓரத்தில் காப்பிச் செடி வந்தது. பிறகு கூடை. கூடையைப் பிடித்திருந்த இரண்டு கை. நான் தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். "ஆட்டு, ஆட்டு" என்று அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அம்மாவின் முகம் வந்தது. வாய் நிறையச் சிரிப்பு, உடைந்த பல், எல்லாம் பழுப்பாக, நல்ல காப்பிக் கலரில் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கூடைய வெச்சு அம்மா வாயப் பொத்தாமப் பாத்துக்கிட்டேன். உன் வாயப் பொத்தாம இருக்க ஒரு கூடை குடுக்காமப் போயிட்டேனே" என்றார். அவ்வளவுதான் அவர் என்னைச் சொன்ன குறை. பிறகு, "வெறுந்தாளுன்னு தூக்கிப் போடாம வெச்சிருந்தியே கண்ணு" என்றார்.

தூக்கிப் போட எப்படி மனசு வரும்? அம்மா இருந்த தாள் அல்லவா.

அதற்குள் பாய் மகன் தொழுகை முடிந்து வந்துவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பெரியப்பா, உங்க ஊட்ல கேஸ் கசியுதுங்களா? ஆளக் கூப்பிடட்டுங்களா?" என்று கேட்டார். அண்ணன், "எங்கம்மா வந்திருக்குது தம்பி, வந்து பாருங்க" என்றார். அந்தப் பிள்ளை மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே வந்து, தட்டைப் பார்த்துவிட்டு, "சிரிப்பு அப்படியே உங்க சிரிப்புங்க" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஏழு வாரம் இருந்தார். படம் அவர் கட்டிலுக்கு எதிரே இருந்தது. மூச்சு வாங்கினாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பங்குத்தந்தை கையால் நோயில்பூசுதல் பெற்று, அண்ணி கையைப் பிடித்தபடி, ஒரு காலைப்பொழுதில் அமைதியாகப் போனார்.

ஆனால் அந்த ஏழு வாரத்தில் நடந்த ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். சித்தியும் தன் தொண்ணூறு வயதில் காரில் வந்து, படத்தைத் தடவித் தடவி அழுதுவிட்டு, "எங்கடா வெச்சுத் தொலைச்சே இத்தன வருசமா?" என்று கேட்டார். அண்ணன், "பழைய உறை ஒண்ணுல நானே வெச்சு மறந்துட்டனுங்க சித்தி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையை அழுத்தினார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. அம்மாவின் படத்தை அண்ணன் தொலைக்கவில்லை. எந்தக் கவரிலும் மாற்றி வைக்கவில்லை. மறக்கவும் இல்லை. ஜாடி மூடியைச் சரியாக மூடாதவள் நான். தெரியவில்லை என்று சொன்னவள் நான். சித்தி, ஸ்டெல்லா இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். நாற்பத்து மூன்று கல்லறைத் திருநாளில் நீங்கள் அண்ணனைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்து என்மேல் போட்டுவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். இப்போது எனக்கு அது பாரமாக இருக்காது.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசி நாட்களில் நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், இரவும் பகலும் கூட இருந்த அண்ணிக்கும் ஸ்டெல்லாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பிள்ளைகளுக்கும், மழையில் நனைந்தபடி கல்லறை வரை வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எத்தனையோ வெள்ளிக்கிழமை எங்கள் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்துக் கடைக் குடும்பத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

சென்ற கல்லறைத் திருநாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம் வைத்தோம். இந்த மலரின் முன்னட்டையில் இருப்பவர் அண்ணன். பின்னட்டையில் கூடையோடு நிற்பவர் அம்மா. திருப்பிப் பாருங்கள், வாயை மூடாமல் சிரிக்கிறார். இனி ஜெபமாலைக்கு நானும் தலை நிமிர்ந்து உட்காருவேன்.

அன்புடன்,
தங்கை